மெட்டல் டிடெக்டரின் கம்பியில்லா ஒலிக்கருவிக்குப் பெட்டி செய்வது எப்படி?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பெண்டிகோ, டுனோலி வட்டாரங்களில் ஓய்வு நாள்களில் தங்கம் தேடப் போகும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. தம்முடைய பல்ஸ் இண்டக்‌ஷன் வகை (காந்தத் துடிப்புகளை அனுப்பி உலோகத்தைக் கண்டறியும்) டிடெக்டருக்கு அவர் தாமே ஒரு கம்பியில்லா ஒலி இணைப்பைச் செய்திருக்கிறார். 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் டிரான்ஸ்மிட்டர் டிடெக்டரின் தண்டிலும், சிறிய ஸ்பீக்கருடன் கூடிய ரிசீவர் தோள்வாரிலும் இருக்கின்றன. மேசைமேல் திறந்து கிடந்தபோது பழுதின்றி வேலை செய்த அமைப்பு, அலுமினியப் பெட்டிக்குள் போனதும் விட்டுவிட்டுக் கேட்கிறது. தூசி, மழை, வெயில் மூன்றையும் தாங்கும் பெட்டியை எப்படிச் செய்வது, கடையில் வாங்குவதானால் எதை வாங்குவது என்பது அவர் கேள்வி.

அலுமினியப் பெட்டியை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே முடியாது. நான்கு பக்கமும் மூடிய உலோகப் பெட்டி ரேடியோ அலையை உள்ளேயே அடைத்துவிடும். இப்போது விட்டுவிட்டாவது கேட்பதற்குக் காரணம், மூடியின் விளிம்பு இடைவெளியும் கேபிள் வரும் துளையும் கொஞ்சம் அலையைக் கசிய விடுவதுதான். ஆன்டெனாவை மட்டும் வெளியே எடுத்து அந்தப் பெட்டியையே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் ரேடியோ அலைச் சிக்கல் தீரும். ஆனால் டிடெக்டரின் தண்டில் கையளவு உலோகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு தங்கம் தேடும் சிக்கல் அப்படியே இருக்கும்.

பிளாஸ்டிக் வகைகளில் பாலிகார்பனேட் முதல் தேர்வு, ஏ.பி.எஸ். அடுத்தது. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை ஏறக்குறைய தடையின்றி விடுகின்றன. மின்சாரக் கடையில் கிடைக்கும் பி.வி.சி. ஜங்ஷன் பாக்ஸும் போதும்; விலை குறைவு, ரப்பர் வளையமும் உடன் வரும், ஆனால் தேவைக்கு மேல் பெரியதாக இருக்கும். தவிர்க்க வேண்டியவை இரண்டு: நிலைமின் பாதுகாப்புக்காகக் கார்பன் கலந்து செய்யப்படும் கருப்புப் பெட்டிகளும், உலோகத்தூள் கலந்த வண்ணம் பூசிய பெட்டிகளும். பார்வைக்குப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் இவை அலையை விழுங்கும். நிறம் வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ இருக்கட்டும்; நாற்பது டிகிரியைத் தாண்டும் விக்டோரியா கோடையில் கருப்புப் பெட்டி உள்ளே இருக்கும் லித்தியம் மின்கலத்துக்கு நல்லதல்ல.

முப்பரிமாண அச்சில் செய்வதானால் பி.எல்.ஏ. இழையைத் தொடவே வேண்டாம். அது 60 டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்கும், பூட்டிய காருக்குள் அந்த வெப்பம் சர்வ சாதாரணம். பி.இ.டி.ஜி. ஏறத்தாழ 80 டிகிரி வரையும், ஏ.எஸ்.ஏ. 100 டிகிரி வரையும் தாங்கும். வெயிலில் நிறம் மங்காமலும் வெடிக்காமலும் இருப்பதில் ஏ.எஸ்.ஏ. சிறந்தது. ஆனால் அச்சிட்ட சுவரின் அடுக்குகளுக்கு இடையே நீர் கசியும் என்பதால், சுவரைக் குறைந்தது நான்கு வரிகளாக அச்சிட்டு உட்புறம் மெல்லிய எபாக்சி பூச வேண்டியிருக்கும். அத்தனை வேலைக்குப் பதில் வார்ப்புப் பெட்டியை வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

பெட்டியின் அளவைத் தீர்மானிக்கும் முன் ஆன்டெனா எங்கே இருக்கப்போகிறது என்பதை முடிவு செய்யுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு 31 மில்லிமீட்டர். மாட்யூலின் (ரேடியோ சுற்று உள்ள சிறு பலகையின்) ஓரத்தில் வளைந்து வளைந்து ஓடும் செப்புக் கோடுதான் பெரும்பாலும் ஆன்டெனா. அந்த முனைக்கு முன்னும் பக்கவாட்டிலும் குறைந்தது 15 மில்லிமீட்டருக்கு மின்கலமோ, ஸ்பீக்கர் காந்தமோ, கம்பிக் கற்றையோ வரக்கூடாது. மின்கலத்தை ஒரு கோடியிலும் மாட்யூலை எதிர்க் கோடியிலும் ஆன்டெனா வெளிப்பக்கம் பார்க்கும்படியும் வைக்க முடிகிற நீளம்தான் உங்கள் பெட்டியின் நீளம். பெட்டிக்குள் இடமிருக்கிறதே என்று மிச்சக் கம்பியைச் சுருட்டி ஆன்டெனாவின் மேல் திணிப்பது பலரிடம் காணும் பழக்கம். பெட்டியை மாற்றியும் ஒலி விட்டுவிட்டு வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

மனித உடலில் பெரும்பகுதி நீர், நீரோ 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாக உறிஞ்சும். எனவே வலக்கையால் டிடெக்டரை வீசுபவர் ரிசீவரை இடது இடுப்பில் செருகினால், இரண்டு பெட்டிகளுக்கும் இடையே அவர் உடம்பே சுவராக நிற்கும். ரிசீவர் வலது தோள்வாரில், காதுக்குக் கீழே, ஆன்டெனா முனை மேல்நோக்கி இருக்கட்டும். ஒரு மீட்டர் தூரத்துக்கு இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று கேட்கலாம். திறந்த வெளியில் அலை திரும்பி வருவதற்குச் சுவரோ கூரையோ கிடையாது. வீட்டுக்குள் எதிரொளிப்பின் தயவால் கேட்டது வயலில் கேட்காமல் போவது அதனால்தான்.

டிரான்ஸ்மிட்டர் பெட்டி தண்டின் மேல்பகுதியில், முழங்கைத் தாங்கிக்கு அருகே இருப்பது நல்லது. தேடு சுருளிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நிம்மதி. டிடெக்டர் அசையாத உலோகத்தைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும், சுருளைப் பொறுத்து நகரும் உலோகத்துக்கே குரல் கொடுக்கும். அதனால் பெட்டியில் உலோகம் இருப்பதைவிட, அது தளர்வாக ஆடுவதே பெரிய தொல்லை. சைக்கிள் டியூப் ரப்பரில் ஒரு துண்டு வெட்டித் தண்டுக்கும் பெட்டிக்கும் இடையே வைத்து, இரண்டு வெல்க்ரோ பட்டைகளால் இறுக்கிக் கட்டுங்கள். ஒலிக் கேபிளையும் தண்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். எஃகு ஹோஸ் கிளிப் வேண்டாம்.

இனி நீர் புகாமை. ஐ.இ.சி. 60529 தரநிலையின்படி ஐ.பி. 67 என்ற குறியில் உள்ள 6 தூசி முற்றிலும் புகாது என்பதையும், 7 ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் கெடுதல் வராது என்பதையும் சொல்கின்றன. அந்த உத்தரவாதம் நீங்கள் முதல் துளையைப் போடும் வரைதான். வார்ப்புப் பெட்டியில் சுவரின் தடிமனைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. 2 மில்லிமீட்டர் வார்ப்புச் சுவர் வழியாக நீர் வந்த பெட்டியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நீர் வருவது சாக்கெட், சுவிட்ச், சார்ஜிங் வாய் ஆகியவற்றின் வழியாகத்தான். ஆகவே எந்தத் துளையை எப்படி அடைப்பது என்று யோசிப்பதற்கு முன், எந்தத் துளை இல்லாமலே காலம் தள்ளலாம் என்று யோசிப்பது நல்லது.

டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒலி உள்ளே வரும் வழி. பெட்டிச் சுவரில் சாக்கெட் வைத்தால், அதைச் சுற்றி எவ்வளவு அடைத்தாலும் பிளக் நுழையும் குழியின் உள்ளே நீர் இறங்கும். அதற்குப் பதிலாக ஒரு பிஜி7 அளவுள்ள கேபிள் கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுகி நீரைத் தடுக்கும் திருகு வாய்) போட்டு, அதன் வழியாக 20 அல்லது 25 சென்டிமீட்டர் கேபிளை நிரந்தரமாக வெளியே கொண்டு வந்து, அதன் முனையில் டிடெக்டருக்கு ஏற்ற செங்கோணப் பிளக்கைச் சாலிடர் செய்யுங்கள். பிஜி7 கிளாண்ட் சுமார் 3 முதல் 6.5 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள உருண்டைக் கேபிளைப் பிடிக்கும். ஹெட்ஃபோனிலிருந்து வெட்டியெடுத்த தட்டை இரட்டைக் கம்பியை அதில் நுழைத்தால், இரண்டு கம்பிகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் நீர் வழியும். எவ்வளவு இறுக்கினாலும் அது நிற்காது. கிளாண்ட் பெட்டியின் கீழ்ப்பக்கம் இருக்கட்டும்.

அடுத்தது சார்ஜிங் வாய். இதுதான் எல்லாத் துளைகளிலும் மோசமானது, ஏனென்றால் ரப்பர் மூடி போட்ட யூ.எஸ்.பி. வாயின் மூடி ஆறு மாதத்தில் கிழியும். கணக்கைப் பாருங்கள்: டிரான்ஸ்மிட்டர் சுற்று ஏறத்தாழ 40 மில்லியாம்பியர் எடுக்கிறது என்றால், 3000 மில்லியாம்பியர்-மணி கொண்ட ஒரு 18650 வகை உருளை லித்தியம் செல் காகிதக் கணக்கில் 75 மணி நேரம் ஓடும். மின்னழுத்த மாற்றியில் வீணாவதைக் கழித்தாலும் 60 மணிக்குக் குறையாது. நாளைக்கு எட்டு மணி நேரம் நடந்தால் ஒரு வாரம். வாரத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றிச் செல்லை வெளியே எடுத்துச் சார்ஜ் செய்வது பெரிய சிரமமல்ல. சார்ஜிங் வாயே வேண்டாம், சார்ஜர் பலகையும் பெட்டிக்குள் வேண்டாம். டிபி4056 போன்ற சார்ஜர் சில்லு 1 ஆம்பியரில் சார்ஜ் செய்யும்போது ஒரு வாட்டுக்கு மேல் வெப்பமாகக் கக்கும். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள், லித்தியம் செல்லுக்குப் பக்கத்தில், அந்த வெப்பம் தேவையில்லாதது. பாதுகாப்புச் சுற்று உள்ள செல்லை வாங்குங்கள், ஆனால் அது சாதாரணச் செல்லின் 65 மில்லிமீட்டரைவிட மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமாக இருக்கும் என்பதை நினைவில் வைத்துச் செல்தாங்கியைத் தேர்ந்தெடுங்கள்.

சுவிட்சுக்கு ரப்பர்த் தொப்பி போட்ட டாகிள் சுவிட்ச் போதும். காந்தம் அருகே வந்தால் இயங்கும் ரீட் சுவிட்சும் ஒரு காந்தமும் வைத்துத் துளையே இல்லாமல் செய்யும் வழி ஒன்று உண்டு. ரிசீவருக்கு அது அழகாகப் பொருந்தும். தண்டில் இருக்கும் பெட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சட்டைப் பையில் கிடக்கும் ஒரு காந்தம் தேடுமிடத்தில் என்னென்ன கலாட்டா செய்யும் என்பதை டிடெக்டர் வைத்திருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக டிரான்ஸ்மிட்டர் பெட்டியில் இரண்டே துளைகள்: ஒரு கிளாண்ட், ஒரு சுவிட்ச்.

மூன்றாவதாக ஒரு துளையை நாமே வலிந்து போட வேண்டும் என்பது முதலில் கேட்பவருக்கு வியப்பாக இருக்கும். முழுக்க அடைத்த பெட்டிக்குள் இருக்கும் காற்று 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் அதன் அழுத்தம் ஏறக்குறைய 14 விழுக்காடு கூடும். அந்தச் சூடான பெட்டியின் மேல் திடீரென்று மழை பெய்தாலோ, சேறு கழுவ ஓடை நீரில் முக்கினாலோ, உள்காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். மழைத்துளி தானாக நுழைய முடியாத நுண்ணிய இடுக்கு வழியாகக்கூட அந்த இழுப்பு நீரை உள்ளே கொண்டு வந்துவிடும். நன்றாக அடைத்த பெட்டிக்குள் எப்படித் தண்ணீர் வந்தது என்று தலையைச் சொறிய வைப்பது பெரும்பாலும் இந்த உறிஞ்சல்தான். மருந்து எளிது: கோர்-டெக்ஸ் மழைச்சட்டையில் இருப்பதைப் போன்ற, காற்றை விட்டு நீரைத் தடுக்கும் விரிந்த பி.டி.எஃப்.இ. படலம் பொருத்திய வென்ட் பிளக்குகள் எம்12 அளவில் கிடைக்கின்றன. கிளாண்டுக்குப் பக்கத்திலேயே, கீழ்நோக்கி ஒன்றைப் பொருத்துங்கள். உள்ளே ஒரு கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, செல் மாற்றும்போது அதையும் மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்பீக்கர் உள்ள ரிசீவருக்கு இந்த வென்ட் இன்னும் அவசியம். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள கூம்பின் மேல் மேலே சொன்ன அழுத்த வேறுபாடு முழுவதும் விழுந்தால் அது கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் கிலோ எடையால் தள்ளுவதற்குச் சமம். கூம்பு வெளியே பிதுங்கி நிற்கும்போது ஒலி கரகரக்காமல் என்ன செய்யும்? அதே நேரத்தில் ஸ்பீக்கரின் பின்புறக் காற்று முன்புறத்தோடு கலக்கக்கூடாது. கலந்தால் முன்னும் பின்னும் எழும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக் கீழ்ச்சுரங்கள் காணாமல் போகும். வென்ட் இந்த இரண்டுக்கும் இடையே சரியாக நிற்கிறது: வெப்பத்தால் மெதுவாக மாறும் அழுத்தத்தை அது சமன் செய்யும், ஒலியின் வேகமான அதிர்வுக்கு அது மூடியிருப்பது போலத்தான். காகிதக் கூம்பு வேண்டாம், மைலார் (பிளாஸ்டிக் படலம்) கூம்புள்ள ஸ்பீக்கரை எடுங்கள். அதன் விளிம்பைச் சிலிக்கோனால் சுற்றிலும் ஒட்டி, முன்னால் சிறு துளைகளாகத் துளைத்து, அந்த முகம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி வாரில் மாட்டுங்கள்.

சிலிக்கோன் வாங்கும்போது குழாயைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும் வகை. மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி செப்புத் தடங்களையும் சாலிடரையும் அரிக்கும். நடுநிலை வகை என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். திருகுகள் தளராமல் இருக்கப் போடும் திருகுப்பசையும் இங்கே ஆகாது, பாலிகார்பனேட்டிலும் ஏ.பி.எஸ்.ஸிலும் அது பட்ட இடத்தில் விரிசல் விடும். அசிட்டோனால் துடைப்பதும் அப்படியே. மூடியை அடிக்கடி கழற்றப்போவதால், பிளாஸ்டிக்கிலேயே நேராக இறங்கும் திருகுகள் சில மாதங்களில் வழுக்கத் தொடங்கும். ஆகவே சாலிடரிங் அயர்னின் சூட்டால் எம்3 பித்தளை மரைகளை ஆரம்பத்திலேயே பதித்துவிடுங்கள். திருகுகள் மூடியின் ரப்பர் கேஸ்கெட் வளையத்துக்கு வெளியே அமைந்த பெட்டியாகப் பார்த்து எடுப்பதும் முக்கியம்; உள்ளே அமைந்திருந்தால் ஒவ்வொரு திருகும் ஒரு கசிவு வழி.

முழுப் பலகையையும் எபாக்சியில் மூழ்கடித்துவிட்டால் தொல்லை விட்டது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. எபாக்சி ஆன்டெனாவைச் சூழ்ந்தால் அதன் ஒத்ததிர்வு இடம் பெயரும், வீச்சு குறையும். ஒரு மின்தேக்கி பழுதானால்கூட மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆன்டெனாவையும் இணைப்பிகளையும் டேப்பால் மறைத்துவிட்டு, மற்ற இடங்களில் அக்ரிலிக் காப்புத் தெளிப்பு அடித்தால் போதும். கம்பிகளை நிலைநிறுத்தச் சூட்டுப்பசையும் வேண்டாம், வெயிலில் அது இளகும்; அதே நடுநிலை சிலிக்கோனில் ஒரு பொட்டு வையுங்கள். மூடித் திருகின் கூர்முனை எந்த நிலையிலும் செல்லைத் தொட முடியாதபடி இருக்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன போகிறது என்பதைப் பற்றியும் சில சொற்கள். தண்டில் இருக்கும் பெட்டிக்குள் மின்னழுத்தத்தைக் கூட்டும் மாற்றி இருந்தால், அதன் சுவிட்சிங் இரைச்சலைப் பல்ஸ் இண்டக்‌ஷன் டிடெக்டர் மோப்பம் பிடித்துவிடும். செல்லின் 3.7 வோல்ட்டிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு இறக்கும் சாதாரண நேரியல் சீரமைப்பியே (லீனியர் ரெகுலேட்டர்) போதும் என்றால் அதையே வையுங்கள். டிடெக்டரின் மின்கலத்திலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு மின்சாரம் எடுக்காமல் தனிச் செல் வைப்பது, இரண்டும் ஒரே தரை இணைப்பைப் பகிர்வதால் எழும் தரைச்சுற்று முனகலையும் தவிர்க்கும். ரிசீவரில் பி.ஏ.எம். 8403 பெருக்கி இருக்கிறது என்றால், அதன் ஸ்பீக்கர்க் கம்பிகள் இரண்டிலும் மின்னழுத்தம் உண்டு, எதையும் தரையோடு இணைக்கக்கூடாது. பின்னாளில் பெட்டியில், பொதுத் தரைக்கம்பி கொண்ட ஹெட்ஃபோன் சாக்கெட் வைக்க எண்ணமிருந்தால் அந்தப் பெருக்கியே பொருந்தாது என்பதால் இதை இப்போதே தீர்மானித்துவிடுவது நல்லது.

மாட்யூலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1980இல் கிங்கோவரில் டிடெக்டரால் கண்டெடுக்கப்பட்ட 27 கிலோ தங்கக்கட்டி போன்றது யார் காதிலும் விழும். இன்று அங்கே மிச்சமிருப்பதில் பெரும்பாலானவை ஒரு கிராமுக்கும் குறைந்த துணுக்குகள், அவை டிடெக்டர் இடைவிடாமல் எழுப்பும் பின்னணி முனகலில் ஒரு சிறு நெளிவாக மட்டுமே தெரியும். சில புளூடூத் மாட்யூல்கள் ஒலி மெலிதானால் தாமாகவே வாய் மூடிக்கொள்ளும். அந்த முனகலையே அவை விழுங்கிவிடும். தாமதமும் அப்படித்தான்: சுருளை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசினால், 200 மில்லிநொடி தாமதத்தில் குரல் கேட்கும்போது சுருள் 20 சென்டிமீட்டர் தாண்டியிருக்கும். டிடெக்டர் நிறுவனமான காரெட்டின் இசட்-லிங்க் என்னும் கம்பியில்லா ஒலி இணைப்பு போன்றவை 17 மில்லிநொடி என்று சொல்வதன் அருமை அதில்தான் இருக்கிறது. உங்கள் மாட்யூல் இந்த இரண்டிலும் தேறாது என்றால், பெட்டிக்குச் செலவழிக்கும் முன் மாட்யூலை மாற்றுங்கள், ஏனென்றால் புதிய மாட்யூலின் ஆன்டெனா வேறு மூலையில் இருக்கலாம்.

சோதனையைச் சுற்று இல்லாமல் தொடங்குங்கள். கிளாண்ட், சுவிட்ச், வென்ட் எல்லாம் பொருத்திய வெற்றுப் பெட்டிக்குள், மைப்பேனாவால் கோடுகள் கிழித்த டிஷ்யூ தாளை நான்கு மூலையிலும் அடியிலும் ஒட்டி, எடைக்கு ஒரு கல்லையும் வைத்து மூடுங்கள். பெட்டியை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துச் சூடாக்கி, உடனே வாளித் தண்ணீரில் ஒரு சாண் ஆழத்தில் முக்கி அரைமணி நேரம் விடுங்கள். வெளியே எடுத்து, வெளிப்புறத்தை முழுதாகத் துடைத்த பிறகே திறக்க வேண்டும்; இல்லையென்றால் விளிம்பில் நின்ற துளி உள்ளே விழுந்து உங்களை ஏமாற்றும். எந்த மூலையில் மை பரவியிருக்கிறதோ அந்தப் பக்கத்துத் துளைதான் குற்றவாளி. வென்ட் படலத்தை மட்டும் சோப்பு நீரில் முக்காதீர்கள், சோப்பு அதன் நீர் ஒட்டாத தன்மையைக் கெடுக்கும்.

சுற்று உள்ளே போனபின் இரண்டு சோதனைகள் பாக்கி. வெட்டவெளியில் டிரான்ஸ்மிட்டரைத் தரையில் வைத்துவிட்டு, ரிசீவரை மார்பில் மாட்டிக்கொண்டு, டிரான்ஸ்மிட்டருக்கு முதுகைக் காட்டி நடந்து போங்கள். உடம்பு இடையே நிற்க, ஐந்து மீட்டர் வரை ஒலி அறுபடாமல் வந்தால் ஒரு மீட்டர் தூரப் பயன்பாட்டுக்கு வேண்டிய இருப்பு இருக்கிறது. பிறகு பெட்டியைத் தண்டில் கட்டி, டிடெக்டரை வழக்கமான உணர்திறனில் வைத்து, கேபிளில் இணைத்த சாதாரண ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு, டிரான்ஸ்மிட்டரை இயக்கியும் நிறுத்தியும் பின்னணி முனகலைக் கேளுங்கள். மாற்றம் தெரிந்தால் பெட்டியைத் தண்டில் ஒரு சாண் மேலே நகர்த்திப் பாருங்கள். அப்போதும் தீரவில்லை என்றால், கேபிளைப் பிளக்குக்கு அருகே, இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் வளையத்தில் இரண்டு மூன்று சுற்றுகள் சுற்றுங்கள். வளையமும் உலோகத்தைப் போலவே சுருளுக்குத் தெரியும் என்பதால் அதையும் ஆடாமல் கட்டுங்கள்.